கிராணி வீட்டு மிஸ்ஸியின் கை

அவரைப் போலப் பயந்த ஒரு மனுஷியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பிரசவ வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மோட்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசல் கதவு வரை நடக்கிற பத்தடிக்குக்கூட ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். கேட்டால், செம்பனை மட்டை தலையில் விழுந்தால் என்ன செய்வது என்பார். அவர் வீட்டு வாசலில் செம்பனையே கிடையாது. இடுப்பளவு உயரத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றது, அவ்வளவுதான்.

மலேசியாவில், தம்பினிலிருந்து உள்ளே பிரிந்து போகிற சாலையில் இருக்கிறது அந்த எண்ணெய்ப் பனைத் தோட்டம், எங்கள் பேச்சில் செம்பனை. நான் அம்பாங்கானில் பிறந்து வளர்ந்தவள். செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். தமிழ்க் குடும்பங்கள் பதினொன்றோ பன்னிரண்டோதான் மிச்சமிருந்தன. மற்ற லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், வங்காளதேசத்து ஆட்களும் இந்தோனேசிய ஆட்களும் இருந்தார்கள். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளை, அவருடைய மனைவிதான் இவர். நர்ஸை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்போம். ஆகவே தோட்டத்துக்கு அவர் கிராணி வீட்டு மிஸ்ஸி, எனக்கு அக்கா. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் பயப்படுவார்.

எதையும் மூன்று தடவை கேட்பார். "கேஸ அடைச்சியா? அடைச்சிட்டல்ல? நெசமா அடைச்சியா?" என் வீட்டு கேஸைப் பற்றி இவருக்கென்ன என்று புது மருமகளான எனக்கு எரிச்சல் வரும். கோயில் திருவிழாவில் அன்னதானச் சாம்பார் நன்றாகக் கொதித்ததா என்று இவர் மூன்று தடவை கேட்டதில், சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். கிராணி நல்ல மனுஷர், இதையெல்லாம் தமாஷாக எடுத்துக்கொள்வார். "என்னக் கட்டிக்கிறியான்னு நான் ஒரு தடவதான் கேட்டேன். நெசமாத்தான் கேக்கிறீங்களான்னு இவதான் மூணு தடவ கேட்டா" என்பார்.

பயந்தாங்கொள்ளி என்பதைத் தோட்டத்துப் பெண்கள் மன்னித்துவிட்டார்கள். மன்னிக்காதது கோப்பி விஷயத்தை. காய்ச்சல், வயிற்றுவலி, பிள்ளை தடுப்பூசி போட்டுவிட்டு அழுகிறது என்று யார் கூப்பிட்டாலும் வருவார். வந்து உட்கார்ந்ததும், "ஒரு கோப்பி குடுங்க, சூடா" என்று வாய் விட்டுக் கேட்பார். கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். ஆறிப்போகும். ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, பிறகுதான் நோயாளியைத் தொடுவார். ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்காமல் எழுந்தால் என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். "கிராணி வீட்டுக்காரிக்கு நம்ம வீட்டுத் தண்ணி தொண்டைல எறங்காதுலா" என்று மூணாம் லயத்துக்காரி என்னிடமே சொன்னாள். நானும் தலையாட்டினேன். எனக்கும் அவர் மேல் அந்தச் சந்தேகம் இருந்தது. சாதி பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் பார்ப்பார்கள் என்பது என் அனுபவம்.

அந்தச் சந்தேகம் ஒரு மத்தியானத்தோடு போயிற்று. எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். பழம் வெட்டுகிற வங்காளதேசத்து ஆள் ஒருவர் மேல் மட்டையோடு குலையும் சரிந்து விழுந்து தோள் பிளந்துவிட்டது. முன்பு பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போன, இப்போது மூடிக் கிடக்கிற ஆயாக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். ரத்தத்தைவிட அவர் மூச்சு விட்ட விதம்தான் என்னைப் பயமுறுத்தியது. வாயைத் திறந்து திறந்து மூடினார், காற்று உள்ளே போனதாகவே தெரியவில்லை. அக்கா அன்று ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்திருந்தார். கோப்பி கேட்க நேரமில்லை. இரண்டு கையையும் தன் அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு ஓடி வந்தார். குளிரில் நடுங்குகிறவர்கள் செய்கிற மாதிரி இருந்தது, வெயிலோ மண்டையைப் பிளந்தது.

காயத்தைத் துணியால் அழுத்திக் கட்டிவிட்டு அந்த ஆளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையை நெஞ்சின் மேல் வைத்தார். "பெலான், பெலான்" என்றார், மெதுவாக என்று மலாயில். தானே மூச்சை இழுத்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் வெளியே விட்டுக் காட்டினார். அந்த ஆள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு மூச்சுக்குள் அந்த ஆளின் மூச்சும் நீண்டது. கழுத்தில் துடித்துக்கொண்டிருந்த நரம்பு அடங்கியது. பக்கத்தில் நின்ற எனக்கும் நெஞ்சடிப்பு இறங்கியது என்றால் நம்புங்கள். லாரியில் ஏற்றுகிறவரை அக்காவின் முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

லாரி போனதும் அவரைக் காணோம். தேடிக்கொண்டு கொட்டகையின் பின்பக்கம் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். முதுகைத் தடவப் போனவள் அவர் கையைத் தொட்டேன். ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்தது போல இருந்தது.

"யாருட்டயும் சொல்லாத" என்றார். "எனக்குப் பயம் மொதல்ல கைக்குத்தான் வரும். மூஞ்சிக்கு வராம பாத்துக்குவேன், கைய ஒண்ணும் செய்ய முடியாது. ஜில்லுன்னு ஒரு கை மேல பட்டா நோயாளிக்குத் தெரிஞ்சு போயிரும், மிஸ்ஸியே பயப்படறான்னு. அதான் கோப்பி."

"ஒவ்வொரு தடவயுமா பயம்?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தடவயும்" என்றார்.

மூணாம் லயத்துக்காரியிடம் இதைச் சொல்லி அவள் வாயை அடைக்க நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் என் வீட்டுக்கு வந்தால் கேட்பதற்கு முன்பே கோப்பி போட்டுவிடுவேன், சர்க்கரை போடாமல். எப்படியும் குடிக்கப் போவதில்லை.

ஏழாம் மாதம் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தால் டிரிப் கதையையே சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் வலி வராதவளுக்கு டிரிப் ஏற்றுவார்கள், ஏற்றினால் உயிர் போய் உயிர் வரும் என்று. அக்காவிடம் கேட்டேன். என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, கோப்பியைப் பிடித்துக்கொண்டு, பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஒடம்புல நம்மளக் கேக்காமலே வேல பாக்குற நரம்புங்க இருக்கு. நெஞ்சடிப்பு, மூச்சு, வேர்வ, கொடலு எல்லாம் அதுங்க பொறுப்பு. அதுங்கள மேய்க்க, தோட்டத்துல மாதிரியே, ரெண்டு மண்டோரு. ஒருத்தன் காலைல பேரு கூப்புடுற பெரட்டுல நின்னு ஆளுங்கள வேலைக்கு வெரட்டுறவன். இன்னொருத்தன் சாயங்காலம், வேல விட்டாச்சு, குளிச்சிட்டுச் சாப்புடுங்கன்னு சொல்றவன். பயந்தா மொதலாமவன் வந்துருவான். நெஞ்சு படபடக்கும், கை காலு ஜில்லுன்னு போயிரும்."

"உங்க கை மாதிரி" என்றேன்.

"என் கைல அவன் குடியே இருக்கான்" என்று சிரித்தார். "மூளைலருந்து ஆக்ஸிடோசின்னு ஒண்ணு ஊறும். பிள்ளைய வெளிய தள்றதும் அதான், பால எறக்குறதும் அதான். நம்பிக்கையான ஆளு கையப் புடிச்சா, முதுகத் தடவுனா, அது நல்லா ஊறும். ஊறுச்சுன்னா ரெண்டாவது மண்டோரு பேச்சு எடுபடும். நெஞ்சடிப்பு எறங்கும், மூச்சு நீளும். ஆனா மொதலாமவன் கத்திக்கிட்டே இருந்தா அது ஊறாது. புது ஆளு போய் உக்காந்தா மாடு பால அடக்கிக்குதுல்ல, அதே கததான்."

"அப்ப டிரிப்பு?"

"அதே மருந்துதான், செஞ்சு போத்தல்ல போட்டது. ஆனா கைநரம்பு வழியா போறது மூளைக்கு அவ்வளவா ஏறாது. தைரியமெல்லாம் குடுக்காது, கர்ப்பப்பையப் புடிச்சுப் பிழியும். வேகமா வுட்டா ரத்தக்கொழா தளந்து பிரஷர் எறங்கிரும், நெஞ்சு தாவி ஓடும். அதான் மெஷின் வச்சு துளித் துளியா வுடறோம். கூடிப்போச்சுன்னா வலிக்கும் வலிக்கும் நடுவுல கேப் இருக்காது. அந்தக் கேப்புலதான் பிள்ளைக்கு மூச்சு."

நல்லதற்குத்தான் சொன்னார். நான் காதில் வாங்கியது கடைசி வார்த்தையை மட்டும். டிரிப் போட்டால் என் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும் என்று மனசுக்குள் எழுதிவைத்துக்கொண்டேன். எந்த நல்ல விஷயத்திலும் கெட்டதைப் பொறுக்கி எடுப்பது எனக்குக் கைவந்த கலை.

எட்டாம் மாதக் கடைசியில் அம்மா அம்பாங்கானிலிருந்து வந்தார். பையில் பாத்திமா வேர் இருந்தது. பாசார்ச் சந்தையில் வாங்கியது. காய்ந்து சுருண்டு, மூடிய குழந்தைக் கை அளவுக்கு இருக்கும். வெந்நீரில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். அது விரிகிற மாதிரி வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் வழி விரியும், அந்தத் தண்ணீரைக் குடித்தால் சுகப்பிரசவம் என்பது மலாய்க்காரப் பெண்களின் நம்பிக்கை. தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததில் எங்கள் பெண்களுக்கும் அது வந்து சேர்ந்திருந்தது. அம்மாவும் என்னைப் பெறுகிறபோது குடித்திருக்கிறார்.

"வலி எடுத்ததும் குடி. டிரிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார். "ஆனா ஆஸ்பத்திரில கேட்டா இல்லன்னு சொல்லிரு. அவங்களுக்கு இதெல்லாம் ஆவாது, ஏசுவாங்க."

இந்த இரண்டாவது பாடம்தான் எங்கள் பெண்களுக்கு முதல் பாடம். கிளினிக்கில் எது கேட்டாலும் இல்லை. நாட்டு மருந்து சாப்பிட்டாயா, இல்லை. ஜாமுக் கஷாயம் குடித்தாயா, இல்லை. அவர்களும் இல்லை என்று எழுதிக்கொள்வார்கள், நாமும் ஏச்சு வாங்காமல் வீட்டுக்கு வந்துவிடுவோம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எனக்குப் பனிக்குடம் உடைந்தது. வலி மட்டும் வரவில்லை. அக்கா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மறுநாள் காலை வரை பார்த்தார்கள். அப்போதும் மாதவிலக்கு வலி அளவுக்குத்தான் இருந்தது. அக்காவுக்கு அன்று காலை ஷிப்ட். உள்ளே வந்ததும் என் முதுகில் கை வைத்தார். கை இதமாக இருந்தது. எங்கேயோ ஒரு கோப்பியைப் பிடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். வயிற்றில் பெல்ட் கட்டி மெஷினில் பிள்ளையின் நெஞ்சடிப்பைக் கேட்க வைத்தார். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி சீராக ஓடியது. திரையில் நூற்று நாற்பதை ஒட்டியே எண் நின்றது.

பத்து மணிக்கு டாக்டர் வந்து, டிரிப் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். டிரிப் போடுவதற்குமுன் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்றேன். என் பையில் தண்ணீர் போத்தலில் அம்மா ஊற்றிக் கொடுத்தது இருந்தது, தேத்தண்ணி நிறத்தில். காலையிலேயே ஒரு டம்ளர் அளவு குடித்திருந்தேன். மிச்சம் முழுவதையும் பாத்ரூமில் நின்றுகொண்டே ஒரே மூச்சில் குடித்தேன். அது வேலை செய்யத் தொடங்கினால் டிரிப்பைப் போட மாட்டார்கள் என்பது என் கணக்கு. டிரிப்புக்குப் பயந்து, டிரிப் செய்கிற அதே வேலையைச் செய்யும் என்று நம்பிய ஒன்றை வயிறு முட்டக் குடித்தேன். திரும்பி வந்து படுத்தேன், அவர்கள் டிரிப்பையும் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்பார்களே.

முதலில் வந்த வலிகளுக்கு இடைவெளி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இடைவெளி சுருங்கியது. அதன் பிறகு இடைவெளியே இல்லை. ஒரு வலி இறங்கத் தொடங்கும்போதே அடுத்தது ஏறியது. வயிறு பலகையாக நின்றது, இளகவே இல்லை. அப்போதுதான் தையல் மெஷின் மெதுவாக ஓடுவதைக் கேட்டேன். திரும்பித் திரையைப் பார்த்தேன். நூற்றுப் பத்து. தொண்ணூற்றைந்து.

அக்கா ஓடி வரவில்லை. வேகமாக நடந்து வந்தார். டிரிப் கம்பத்தின் பக்கம் போய் ஏதோ செய்தார், அதில் மாட்டியிருந்த மெஷின் ஒரு தடவை கீச்சென்றது. என்னை இடது பக்கம் புரட்டினார். மூக்கில் ஆக்ஸிஜனை வைத்தார். இதெல்லாம் செய்துவிட்டுக் குனிந்து, வழக்கமான சிரிப்போடு கேட்டார்.

"வீட்லருந்து எதாச்சும் குடிச்சிட்டு வந்தியா?"

"இல்லக்கா."

சொட்டு விழுந்துகொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வலி வந்தது. எண் தொண்ணூறுக்கும் கீழே போய், ஏறுவதற்கு யோசித்தது.

"அம்மா எதாச்சும் குடுத்தாங்களா? வேரு, தண்ணி, எதாச்சும்?"

"இல்லக்கா. வெறுந்தண்ணிதான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். ஏச்சுக்குப் பயந்துதான். என் பிள்ளையின் நெஞ்சடிப்பு காதுக்குப் பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருக்கிறது, எனக்கோ நாலு பேர் முன்னால் திட்டு வாங்கிவிடக் கூடாது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அக்கா என் வயிற்றில் கையை வைத்தார், இறுக்கம் இளகுகிறதா என்று பார்க்க. அந்தக் கை பட்டதும் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கொட்டகைக்குப் பின்னால் நான் தொட்ட அதே கை. விரல் நுனி வரை ஐஸ். சூடாக்க நேரமில்லாமல் அப்படியே வந்திருக்கிறார். முகம் மட்டும், கேஸை அடைத்தாயா என்று கேட்கிறவரின் முகமாக இருந்தது.

"நெசமா இல்லியா?" என்றார்.

முகத்தை நம்புவதா, கையை நம்புவதா என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என் பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"பாத்திமா வேரு" என்றேன். "ஒரு போத்தல் முழுக்க. இப்பதான், பாத்ரூம்ல."

அவர் திட்டவில்லை. முகம் சுளிக்கவுமில்லை. திரும்பி, குரலை உயர்த்தாமல், டாக்டரைக் கூப்பிட்டு மலாயில் இரண்டு வாக்கியம் சொன்னார். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையில் ஊசி போட்டார்கள். அடுத்த நிமிஷம் என் நெஞ்சு வாய் வழியாக வந்துவிடும்போல அடித்தது. கைகால் உதறியது. சரி, இப்போது நான் சாகிறேன் என்றுதான் நினைத்தேன்.

"பயப்படாத. இது ஒன் பயம் இல்ல, மருந்து" என்றார் அக்கா என் காதருகில். "அந்தக் கத்துற மண்டோர நாமளே கூப்புட்டுருக்கோம். கர்ப்பப்பையத் தளர வைக்க அவன்தான் வேணும். என் கையப் புடிச்சுக்க. மூச்ச நீளமா வெளிய வுடு."

பிடித்துக்கொண்டேன். உதறுகிற என் கையும் ஜில்லிட்ட அவர் கையும். யார் யாருக்குத் தைரியம் சொல்வது என்று தெரியவில்லை. திரையில் எண் தொண்ணூறிலேயே நின்றது. பிறகு நூறு. வயிறு கொஞ்சம் இளகியது. நூற்றுப் பதினைந்து. நான் கும்பிடாத சாமி இல்லை. நூற்று முப்பதைத் தொட்டபோதுதான் மறுபக்கம் நின்ற டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு, டிரிப் இல்லாமலே, பிள்ளை பிறந்தது. பெண். உடனே அழவில்லை. துடைத்தார்கள், தேய்த்தார்கள், மூக்கில் குழாய் வைத்து உறிஞ்சினார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதுக்கு மேல் எண்ணினேன். பிறகுதான் பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல் வந்தது.

வீட்டுக்கு வந்தும் பயம் விடவில்லை, இன்னும் கூடத்தான் செய்தது. பிள்ளை தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைப்பேன். விழித்திருந்தால் கண் நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். கை வெட்டி இழுத்தால் போச்சு, மூளையில் பட்டுவிட்டது என்று அந்தக் கையைப் பிடித்து நிறுத்திப் பார்ப்பேன். முதல் 'இல்லக்கா'வுக்கும் 'பாத்திமா வேரு'க்கும் நடுவே எத்தனை வலி வந்தது என்று விரல் விட்டு எண்ணுவேன். என் கணக்கில் மூன்று வந்தது. சில நாள் நான்கு வந்தது. அத்தனை தடவை என் பிள்ளையின் மூச்சை என் கையாலேயே அடைத்திருக்கிறேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவர் ஊரெல்லாம், பாத்திமா வேரால்தான் ஆபரேஷன் இல்லாமல் பிறந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பால் இறங்கவில்லை. மார் கல்லாகக் கனத்தது, பிள்ளை வாய் வைத்துச் சப்பிப் பார்த்துவிட்டு அழுதது. அம்மா பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் செய்து தள்ளினார். எட்டாம் நாள் எடை பார்க்க வந்த கிளினிக் மிஸ்ஸி, பிள்ளை இளைத்திருக்கிறது, மாவுப்பால் சேருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இதுவும் என்னால்தான் என்று நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் அக்கா வந்தார். அம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பிள்ளையைத் துணியிலிருந்து பிரித்து, கையை இழுத்து விட்டுப் பார்த்தார், உள்ளங்காலில் கோடு போட்டுப் பார்த்தார், காதருகே கை தட்டிப் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, நான் தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"ரெண்டு தடவ சொன்னேன்க்கா."

"தெரியும்" என்றார், பிள்ளையின் துணியைச் சுற்றிக்கொண்டே. "நீ மொதல் தடவ இல்லன்னு சொல்றதுக்கு முன்னாடியே டிரிப்ப நிறுத்திட்டேன்."

"சொட்டு விழுந்துக்கிட்டேதான இருந்துச்சு?"

"அது வெறும் உப்புத்தண்ணி. மருந்து தனி, அது போறது கம்பத்துல இருக்குற மெஷின் வழியா. வந்ததும் அதத்தான் அமுத்துனேன். அதுக்கப்புறந்தான் ஒன்னயக் கேட்டேன்."

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தேன். "அப்ப என் பொய்யால பிள்ளைக்கு ஒண்ணும் ஆவலியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. யோசித்துவிட்டுத்தான் பேசினார்.

"அந்த ஊசிய நாலஞ்சு நிமிஷம் முன்னாடி போட்டுருக்கலாம். அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கை காலு நல்லா ஒதைக்கிறா. சத்தத்துக்குத் திரும்புறா. நான் பாத்த வரைக்கும் நல்லாத்தான் இருக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு நாளாக வராத அழுகை. அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அக்கா பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக மெதுவாகத் தேய்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மூச்சு நீள்வதை நானே கேட்டேன். பிறகு மாருக்குள் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. குனிந்து பார்த்தால் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. பிள்ளையை எடுத்துச் சேர்த்தேன். இந்தத் தடவை அது விடவில்லை. இழுத்து இழுத்து விழுங்குகிற சத்தம் கேட்டது.

அழுதுகொண்டே சிரித்தேன். "நான் பொய் சொல்லுவேன்னு ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன். "என்னய நீங்க நல்லவன்னுல நெனைச்சிருப்பீங்க."

"நல்லவளாத்தான் இரேன்" என்றார். "பயந்த பொம்பள எவளும் மொதல்ல இல்லன்னுதான் சொல்லுவா. அதனால நான் பதிலுக்குக் காத்திருக்கறதில்ல. செய்ய வேண்டியதச் செஞ்சிட்டுத்தான் கேப்பேன்."

"ஆரம்பத்துலருந்தேவா?"

அவர் கை என் முதுகில் நின்றது. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார். "ஒருத்திய நம்பினேன்."

அந்த ஒருத்தி யார், அவள் பிள்ளை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. என் மகள் கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். கேட்டால் பால் நின்றுவிடும் என்று பயமாக இருந்தது.